கால் இறாத்தல் பாண்: கந்தளாய்க் குசினியில் தொடங்கும் கணிதம்

கந்தளாயில் காலையில் கடைக்கு அனுப்பப்படும் பிள்ளை சொல்லும் சொற்கள் மூன்று: கால் இறாத்தல் பாண். ‘கால்’ தமிழ். ‘இறாத்தல்’ அரபு மூலத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்த நிறையளவு. ‘பாண்’ போர்த்துக்கேயச் சொல். பக்கத்தில் நிற்கும் சிங்களப் பிள்ளையும் ஏறத்தாழ இதே ஒலியில் ‘கால’ என்றுதான் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத வயதில் ஒரு பின்னத்தைச் சொல்லி, காசைக் கொடுத்து, பொருளை வாங்கிக்கொண்டு பிள்ளை வீடு திரும்புகிறது.

அதே பிள்ளைக்குச் சில ஆண்டுகள் கழித்து ஆசிரியர் கரும்பலகையில் ¼ என்று எழுதும்போது அது முன்பின் அறியாத பொருளாகத் தெரிகிறது. கடையில் சொன்ன காலும் கொப்பியில் எழுதும் காலும் ஒன்றுதான் என்று யாரும் அதற்குக் காட்டவில்லை. இந்த இடைவெளியை மா குழைக்கும் நேரத்தில் நிரப்ப முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். எப்படி நிரப்பலாம், எந்த இடத்தில் அந்த முயற்சி தவறிப்போகும் என்பதை ஆய்வுகளின் துணையோடு பார்க்கலாம்.

மாவும் சீனியும் இந்த மாவட்டத்தில்

கந்தளாய் திருகோணமலை மாவட்டத்து நெல் ஊர். குளத்து நீரில் விளையும் நெல்லே இங்கு வாழ்க்கை. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. ஆனாலும் பாணுக்குரிய மா இவ்வூருக்குத் தொலைவிலிருந்து வருவதாகச் சொல்ல முடியாது. கப்பலில் வரும் கோதுமையை அரைக்கும் பிரிமா ஆலை இதே மாவட்டத்தில், சீனக்குடாவில், 1980 முதல் இயங்குகிறது. சீனிக்கும் இவ்வூரில் ஒரு கதை உண்டு. 1960இல் தொடங்கிய கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை கரும்பு பிழிந்து சீனி தந்தது, 1990களில் மூடப்பட்டது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழும் இவ்வூரில் பெருநாளுக்கும் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் கேக் அடிக்கும் வீடுகள் உண்டு. தேங்காய்ப்பூ ரொட்டி சுடாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அளவுக் கருவிகளும் வீட்டிலேயே இருக்கின்றன. அரிசி அளக்கச் சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து. பால் பேணியையே சுண்டாக வைத்திருக்கும் வீடுகள் பல. பாணின் நிறையை அரசே வரையறுத்திருக்கிறது: 2024இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை முழுப் பாணுக்கு 450 கிராம், அரைப் பாணுக்கு 225 கிராம் என நியமம் விதித்தது. பழைய இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம். நாடு மெற்றிக் முறைக்கு மாறிய பின்னும் பாண் மட்டும் மக்கள் வாயில் இறாத்தலாகவே இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு அளவுமுறை உண்டு என்பதே பிள்ளை கற்க வேண்டிய கணிதப் பாடம்.

எண்ணத் தெரிவதும் எடுத்துத் தரத் தெரிவதும்

சிறு வயதுக் கணிதத்தை ஏன் பொருட்படுத்த வேண்டும்? கிரெக் டங்கனும் அவரது குழுவினரும் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகளில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆறு ஆய்வுத் தரவுகளை ஒன்றாக ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். பாடசாலையில் சேரும்போது பிள்ளையிடம் உள்ள கணித அறிவே பிற்காலக் கல்வி அடைவோடு மிக வலுவாக இணைந்திருந்தது. வாசிப்புத் திறன் அதற்கு அடுத்துத்தான் வந்தது.

அந்தக் கணித அறிவு எது? ஒன்று முதல் இருபது வரை ஒப்பிப்பது அதன் மேற்தோல். ரொச்செல் கெல்மனும் சார்ள்ஸ் கலிஸ்டெலும் 1978இல் எண்ணுதலுக்குள் ஐந்து விதிகள் இருப்பதை விளக்கினர். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களின் வரிசை மாறாது, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம், எதையும் எண்ணலாம், எங்கிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. மூன்றாவது விதிதான் பிள்ளைக்குக் கடினமானது. 1990இல் கரன் வின் ஓர் எளிய சோதனையால் இதைக் காட்டினார். பத்து வரை பிழையில்லாமல் எண்ணும் மூன்று வயதுப் பிள்ளையிடம் மூன்று பொருள்களைத் தரும்படி கேட்டால், எண்ணாமல் ஒரு கைப்பிடியை அள்ளித் தருகிறது.

குசினியில் இந்தச் சோதனை இயல்பாக நடக்கிறது. “மூன்று முட்டை எடுத்து வா” என்று சொல்வது வின் கேட்ட அதே கேள்வி. பிள்ளை நாலு முட்டை கொண்டுவந்தால் கேக்குக்கு அது கூட என்பதை உடனே பேசலாம். ஒன்றைத் திருப்பி வைக்கலாம். தாளில் போட்ட பிழைக்குச் சிவப்புக் கோடு விழும். இங்கே பிழைக்குக் காரணம் இருக்கிறது, திருத்தமும் கையிலேயே இருக்கிறது.

குசினியில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்றும் உண்டு. முட்டையை எண்ணினால் முட்டைகள் கண்முன் இருக்கும். கரண்டியால் மாவைப் போட்டால் ஒவ்வொரு கரண்டியும் ஏதனத்துக்குள் கலந்து மறைந்துவிடும். மூன்றாவது கரண்டியா நாலாவது கரண்டியா என்று பிள்ளை தடுமாறுவது கவனக்குறைவால் இல்லை. எண்ணிய பொருள் அங்கே இல்லாமற் போனதால். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு பயற்றை ஓரமாக வைக்கச் சொன்னால் மறைந்த எண்ணிக்கை மீண்டும் கண்ணுக்குத் தெரியும். முடிவில் பயற்றை எண்ணினால் மாவை எண்ணியதாகும். ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைப்பதே எழுத்து எண்ணுக்கான முதற்படி.

அளவைப் பேச வேண்டும்

தாய்மார் கண்ணளவிலும் கைப்பதத்திலும் சமைப்பவர்கள். மாவுக்கு எவ்வளவு நீர் என்று விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. பல ஆண்டுப் பழக்கத்தில் விளைந்த அந்தத் திறமை பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அம்மா அள்ளிப் போடுகிறார், குழைக்கிறார், ரொட்டி வருகிறது. நடுவில் நடந்த ஒப்பீடும் திருத்தமும் அதற்கு எட்டுவதில்லை.

சூசன் லெவினும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் 14 மாதம் முதல் 30 மாதம் வரையான குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து 2010இல் வெளியிட்டனர். ஒவ்வொரு வீட்டிலும் மொத்தம் ஏழரை மணி நேரப் பதிவு. சில பெற்றோர் அந்த நேரத்தில் 4 எண்சொற்களையே சொல்லியிருந்தனர். சிலர் 257 சொல்லியிருந்தனர். அதிகம் கேட்ட குழந்தைகள் நாலு வயதுக்குச் சற்று முன்னர் எண்ணின் பொருளை நன்றாகப் புரிந்திருந்தனர். அடுத்த ஆண்டு எலிசபெத் கண்டர்சனோடு சேர்ந்து லெவின் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. கண்முன் இருக்கும் பொருள்களைச் சுட்டி எண்ணிப் பேசும் பேச்சே பயன் தருகிறது. அதிலும் நாலு முதல் பத்து வரையான பெரிய தொகுதிகளைப் பற்றிய பேச்சு கூடுதலான பயனைத் தருகிறது.

நம் பொருளுக்கு மிக அருகில் வருவது மோரீன் வாண்டர்மாஸ்-பீலரும் அவரது குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு. நாலு வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து சமைத்தனர். ஒரு பகுதிப் பெற்றோருக்கு மட்டும் சமையலுக்குள் எண்களை எப்படிப் பேசலாம் என்ற குறிப்புகள் முன்கூட்டியே தரப்பட்டன. அந்தப் பெற்றோர் எண்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசினர்; அவர்களின் பிள்ளைகளும் கூடுதலாகச் சரியான விடைகளைச் சொன்னார்கள். சமையல் இரு பகுதியினருக்கும் பொது. பேச்சுத்தான் வேறுபாட்டை உண்டாக்கியது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சமைத்தால் கணிதம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வு எல்லைக்கோடு போடுகிறது.

முக்கால் என்ற சொல்லுக்குள் ஒரு கணக்கு

பின்னத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு மொழியே ஒரு கைவிளக்கு. ‘முக்கால்’ என்றால் மூன்று கால். சொல்லைப் பிரித்தாலே பகுதி எது, எத்தனை பகுதி என்பது விளங்கும். ‘அரைக்கால்’ என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் பெருக்கும் கணக்கு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பழைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவ்வாறு 320இல் ஒரு பங்கான முந்திரி வரை மனனம் செய்தனர். அந்தக் கணக்குக் கல்வி தானியம் அளத்தல், நிலம் அளத்தல், கூலி கணக்கிடல் ஆகியவற்றோடு பிணைந்திருந்ததை வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு தம் 2022ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

மொழி உதவுமா என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. பகுதியும் மொத்தமும் வெளிப்படையாகத் தெரியும் கொரியப் பின்னப் பெயர்கள் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவுவதாக 1999இல் மியூராவும் குழுவினரும் எழுதினர். 2003இல் ஜே பைக்கும் கெலி மிக்சும் அமெரிக்கப் பிள்ளைகளையும் சோதித்து, வேறுபாடு முழுவதையும் மொழியின் கணக்கில் எழுத முடியாது என்று மறுத்தனர். எனவே ‘முக்கால்’ என்ற சொல் இருப்பதால் மட்டும் பிள்ளைக்கு முக்கால் விளங்கிவிடாது. சொல்லைப் பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டும். பிரித்துப் பார்க்க ஒரு ரொட்டி வேண்டும்.

நாலு வயதுக்குப் பின்னம் பெரிய சுமை என்று நினைக்கத் தேவையில்லை. கெலி மிக்ஸ், சூசன் லெவின், ஜனலன் ஹட்டன்லோக்கர் மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வட்டத்தின் துண்டுகளைச் சேர்த்தும் எடுத்தும் காட்டியபோது நாலு வயதுப் பிள்ளைகள் சிலவற்றுக்குச் சரியாக விடை காட்டினர். குறியீடு எழுதத் தெரியாத வயதிலும் துண்டின் கணக்குக் கண்ணுக்குப் புரிகிறது. வட்டமான ரொட்டியைவிட நல்ல கருவி வேறு ஏது? முதலில் இரண்டாகப் பிய்க்கலாம். பிறகு ஒவ்வொரு அரையையும் மீண்டும் இரண்டாக்கலாம். “மூன்று காலை அண்ணாவுக்குக் கொடு, மிச்சம் எத்தனை கால்?” என்று கேட்கலாம்.

உருண்டையும் தட்டும், பொங்கிய மாவும்

உளவியலாளர் ஜீன் பியாஜே 1941இல் பிள்ளையின் எண்ணறிவைப் பற்றி நூல் வெளியிட்டார். களிமண் உருண்டையைத் தட்டையாக்கிக் காட்டிக் கேள்வி கேட்கும் சோதனையும் அவர் வழி வந்தது. தட்டையானதும் களிமண் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று சிறு பிள்ளைகள் சொல்வார்கள். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற அறிவு ஏழு வயதளவில்தான் உறுதியாகிறது என்பது அவர் கருத்து. கேள்வியைக் கேட்கும் விதமே பிள்ளையைக் குழப்புகிறது என்று பின்வந்தோர் அவரைத் திருத்தியும் இருக்கிறார்கள். நம் வீடுகளில் அந்த உருண்டை நாள்தோறும் தட்டையாகிறது. ஒரே அளவு உருண்டைகள் இரண்டை வைத்து, ஒன்றை ரொட்டியாகத் தட்டி, “எதில் மா கூட?” என்று கேட்டுவிட்டு, அதைத் திரும்ப உருட்டிக் காட்டலாம். பிள்ளை தவறாகச் சொன்னாலும் உடனே திருத்த வேண்டியதில்லை. அடுத்த வாரம் மீண்டும் கேட்டால் போதும்.

ஈஸ்ட் போட்ட மா இன்னும் ஆழமான கேள்வியை வைக்கிறது. ஒரு மணி நேரத்தில் அது இரு மடங்காகப் பொங்குகிறது. நிறையும் இரு மடங்காகுமா? பெரியவர்களே யோசிப்பார்கள். மாவுக்குள் உருவாகும் வாயு இடத்தைப் பெருக்குகிறது, நிறையைக் கூட்டுவதில்லை. பருமனும் நிறையும் வேறு என்பதைத் தராசு ஒரு முறை காட்டினால் பிள்ளை மறக்காது.

அந்தத் தராசை இரண்டு சிரட்டை, ஒரு தடி, கொஞ்சம் நூல் கொண்டு வீட்டிலேயே செய்யலாம். மூன்று முட்டையை ஒரு சிரட்டையில் வைத்து, மறு சிரட்டையில் அவற்றுக்குச் சமமாகச் சீனியும், பிறகு மாவும், பிறகு மாஜரினும் எடுத்தால் கேக் ஒன்றுக்கு அளவு சரியாக வந்துவிடும். கிராம் தெரிந்திருக்கத் தேவையில்லை. இதில் பிள்ளை கற்பது ‘சமம்’ என்ற சொல்லின் மெய்ப்பொருள். 1999இல் ஃபோக்னர், லெவி, கார்ப்பென்டர் மூவரும் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. எட்டும் நாலும் சேர்ந்தால் ஒரு வெற்றுக்கட்டமும் ஐந்தும் சேர்ந்ததற்குச் சமம் என்று எழுதி, கட்டத்தை நிரப்பக் கேட்டபோது ஆறாம் தர மாணவர் 145 பேரும் 12 அல்லது 17 என்றே எழுதினர். சரியான விடை 7. சமக்குறி அவர்களுக்கு ‘விடையை இங்கே எழுது’ என்ற ஆணையாகவே இருந்தது. சிரட்டைத் தராசு நேராக நிற்பதைக் கண்ட பிள்ளைக்குச் சமக்குறி இரு பக்கத்தின் உறவாகத் தெரிய வழி உண்டு.

குசினியிலிருந்து கொப்பிக்கு

கைக்கணக்கும் தாள்கணக்கும் தாமாகச் சேர்ந்துகொள்வதில்லை. பிரேசிலின் ரெசீஃபே நகரில் தெருவில் பண்டம் விற்ற ஐந்து சிறுவர்களை டெரசினா நூனஸ், டேவிட் கராஹர், அனாலூசியா ஷ்லீமன் மூவரும் ஆராய்ந்தனர். 1985இல் வெளிவந்த முடிவு இன்றும் பேசப்படுகிறது. தெருவில் விற்கும்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை எண்களாக எழுதிக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம். மானிடவியலாளர் ஜீன் லேவ் தம் 1988ஆம் ஆண்டு நூலில் இன்னொருவரைக் காட்டுகிறார். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த அவருக்கு மூன்றில் இரண்டு கோப்பைப் பாற்கட்டியில் முக்கால் பங்கு எடுக்க வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு கோப்பை அளந்து, வட்டமாகப் பரப்பி, சிலுவை போல் கோடிட்டு, ஒரு காலை அகற்றிவிட்டார். கணக்கு நூற்றுக்கு நூறு சரி. அது அரைக் கோப்பை என்பதை அவர் கண்டுகொள்ளவேயில்லை. தாளில் பெருக்கியிருந்தால் ஒரு வரியில் தெரிந்திருக்கும்.

இரண்டு கரைக்கும் பாலம் போட வேண்டியது பெரியவர்களின் வேலை. ரொட்டி சுட்ட அன்றைக்கே பிள்ளை ஒரு தாளில் இரண்டு சுண்டு மாவையும் ஒரு சுண்டு தேங்காய்ப்பூவையும் படமாக வரையட்டும். பக்கத்தில் கோடுகள், பிறகு 2, 1 என்ற எண்கள். பாட்டி வந்துவிட்டார், இரு மடங்கு மா குழைக்க வேண்டும் என்றால் 4, 2. குழைத்த மாவை இரண்டாகவும், நாலாகவும், எட்டாகவும் பிரித்து உருட்டும்போது 2, 4, 8. தட்டில் பனிஸை மூன்று வரிசையில் வரிசைக்கு நாலாக அடுக்கினால் பெருக்கல் வாய்பாட்டின் படம் கிடைக்கும். தட்டைத் திருப்பினால் நாலு வரிசை, வரிசைக்கு மூன்று, மொத்தம் மாறவில்லை.

இந்த வழி புதிதும் இல்லை. கல்வியாளர் ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் தொடங்கிய பள்ளியில் சமையலும் பாடத்திட்டத்தின் ஓர் உறுப்பாக இருந்தது. தானியத்துக்கும் நீருக்கும் உள்ள விகிதத்தைப் பிள்ளைகள் அளந்து கற்றனர். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த கல்வித் திட்டம் கைத்தொழிலை நடுவில் வைத்தது. மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஊற்றுதல், அள்ளுதல், துடைத்தல் போன்ற வீட்டு வேலைகள் அவர் முறையில் முதற்பாடங்கள். இன்றும் முன்பள்ளியை ‘மொண்டிசோரி’ என்றே பலர் சொல்கிறோம். பெயரை வைத்துக்கொண்டு, சுண்டையும் கரண்டியையும் வெளியே வைத்துவிட்ட முன்பள்ளிகளில் எழுத்துப் பயிற்சித் தாள்கள் குவிகின்றன.

போறணை இல்லாத வீட்டில்

கேக்குக்குப் போறணை வேண்டும், வெண்ணெய் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஏழை வீட்டுக்கு இது எட்டுமா என்ற கேள்வி நியாயமானது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பாணே எட்டாத பொருளான வீடுகள் உண்டு. ஆகவே இதற்கென்று தனியாக எதையும் சமைக்க வேண்டாம் என்பேன். அன்றைக்குச் சாப்பிடப்போகும் ரொட்டி, புட்டு, இடியப்பம், பாண் போதும். கணிதத்துக்காக மா வீணாகக் கூடாது. பிள்ளை அளந்து செய்ததைக் குடும்பம் சாப்பிட வேண்டும். தான் அளந்தது மற்றவருக்கு உணவானது என்ற பெருமை எந்தப் பரிசையும் விடப் பெரியது. நெருப்பும் கத்தியும் பெரியவர் கையில் இருக்கட்டும். பச்சை மாவையும் பச்சை முட்டையையும் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குசினி பெண்பிள்ளைக்கு, கடைக்கணக்கு ஆண்பிள்ளைக்கு என்ற பழக்கமும் இங்கே இருக்கக் கூடாது. வெதுப்பகங்களில் மா குழைப்பவர்களில் ஆண்கள் ஏராளம். தந்தை அளந்து காட்டினால் மகன் கற்பான்; மகள் தராசைப் பிடித்தால் கணிதம் தனக்குரியது என்று அறிவாள்.

பாடசாலையிலும் இதற்கு இடம் இருக்கிறது. முதலாம், இரண்டாம் தரங்களில் கணிதமும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் அடுத்தடுத்த பாடங்கள். ஒரு ரொட்டி இரண்டிலும் உட்காரும். கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகம் தன் ஆசிரியர் பயிற்சியில் ஒரு நாளைச் சுண்டுக்கும் தராசுக்கும் ஒதுக்கலாம். வாண்டர்மாஸ்-பீலரின் ஆய்வு சொல்வது போலப் பெற்றோருக்கு ஒரு பக்கக் குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்தாலே வேறுபாடு தெரியும். அதற்கு ஆகும் செலவு தாளும் மையும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது. நாளைக் காலை பாண் வந்ததும் வெட்டுவதற்கு முன் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எங்கே வெட்டினால் அரை, எங்கே வெட்டினால் கால் என்று அது விரல் வைத்துக் காட்டட்டும். அது காட்டிய இடத்திலேயே வெட்டுங்கள். துண்டுகள் சமமாக வரவில்லை என்றால் அது தானே சொல்லும். அந்தப் பேச்சிலிருந்து கணிதத்தைத் தொடங்குங்கள்.